பந்தாட்டக்காரர்களின் பந்தி

 

உண்பதற்காக வாழ்பவர் உண்டு. வாழ்வதற்காக உண்பவரும் உண்டு. விளையாடுவதற்காக உண்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வேளை உணவைப் பாடத்தைப் போலவும் பயிற்சியைப் போலவும் கருதி, நேரம் பார்த்து, எடை பார்த்து உண்ணும் இளைஞர்களை நான் பதின்மூன்று ஆண்டுகள் அருகிருந்து கண்டேன். அவர்களைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு உரையாட விரும்புகிறேன். நம் வீடுகளிலும் உடற்பயிற்சிக்கூடம் என்றும் மைதானம் என்றும் செல்லும் பிள்ளைகள் பெருகிவிட்ட காலம் இது. ஆகவே இது தொலைதூரத்துச் செய்தி என்று தள்ளிவிடாதீர்கள்.

நான் பிறந்தது காயல்பட்டினம். கணவரின் பணி நிமித்தமாக 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடபகுதியில், மிச்சிகன் மாநிலத்தில் குடியேறினோம். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பின், 2006 முதல் 2019 வரை ஒரு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் பணியாற்றினேன். அங்குதான் கல்லூரிக் கால்பந்து அணியினரும் உண்டார்கள்.

கால்பந்து என்றதும் நம்மூர்க் கால்பந்தை எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைப்பது வேறோர் ஆட்டம். பந்து முட்டை வடிவில் இருக்கும். பக்கத்திற்குப் பதினொருவர். கையில் பந்தை ஏந்தி எதிரணியை முட்டிமோதி முன்னேற வேண்டும். தலைக்கவசமும் தோள்கவசமும் இன்றி யாரும் களமிறங்க முடியாது. ஒவ்வொரு மோதலும் ஐந்தாறு வினாடிகளில் முடிந்துவிடும். பின்னர் அரை நிமிடத்திற்கு மேல் ஓய்வு, மறுபடியும் மோதல். அறுபது நிமிட ஆட்டம் இவ்வாறு மூன்று மணி நேரத்திற்கும் மேலாக நீளும்.

உடலுக்கேற்ற உணவு

இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே உடல் வாய்க்காது. முன்வரிசையில் நின்று எதிரியைத் தடுப்பவர் 136 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவர். பந்தைப் பிடித்து ஓடுபவரோ 85 கிலோ இருப்பார். முன்னவருக்குக் கடும் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கும் மேல் தேவைப்படும். வீட்டிலோ அலுவலகத்திலோ சாதாரணமாக உழைக்கும் ஓர் ஆணுக்கு 2,000 முதல் 2,500 கலோரி போதும் என்றால், இரண்டு ஆட்களின் சாப்பாட்டை ஒருவரே உண்ண வேண்டும் என்று பொருள். ஒரு காலை வேளைக்கு மட்டும் நாற்பது டஜன் முட்டைகளை நாங்கள் உடைத்திருக்கிறோம்.

ஆயினும் இவர்கள் கண்டதை அள்ளி வயிற்றை நிரப்புபவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அணிக்கென்று உணவு ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவர் வீரர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது மாவுச்சத்தின் அருமையை. சோறு, உருளைக்கிழங்கு, ஓட்ஸ், ரொட்டி, பழம் ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் பெயரில் சேமிப்பாகிறது. பாய்ந்து மோதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்தே செலவாகிறது. சேமிப்புத் தீர்ந்தால் கால்கள் கனக்கும், கவனம் சிதறும், காயம் தேடி வரும். ஆகவே கடும் பயிற்சி நாட்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

அடுத்தது புரதம். கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை. அதையும் ஒரே வேளையில் கொட்டுவதில்லை. காலை, நண்பகல், மாலை, இரவு என்று பிரித்து, வேளைக்கு 20 முதல் 40 கிராம் வரை உண்பார்கள். பயிற்சி முடிந்து வெளியே வரும் வாயிலிலேயே ஒரு மேசை இருக்கும். அதில் அடுக்கியிருந்தது மாய மருந்தன்று. சாக்லேட் கலந்த பால்! இழந்த மாவுச்சத்தையும் தசைக்கு வேண்டிய புரதத்தையும் உடலுக்கு வேண்டிய நீரையும் அது ஒருசேரக் கொடுக்கிறது. இரவு படுக்கும் முன் மீண்டும் பாலோ தயிரோ உண்டு.

ஆட்ட நாளன்று மாட்டிறைச்சித் துண்டத்தை வாட்டி முட்டையோடு உண்டுவிட்டுக் களமிறங்குவதே ஒரு காலத்தில் வீரத்தின் அடையாளமாக இருந்தது. கொழுப்பு மிகுந்த இறைச்சி செரிக்க நெடுநேரம் ஆகும். வயிறு வேலை செய்துகொண்டிருக்கையில் கால் எப்படி ஓடும்? எனவே இப்போது ஆட்டத்திற்கு மூன்று நான்கு மணி நேரத்திற்கு முன்பே சோறோ பாஸ்தாவோ கொழுப்பு நீக்கிய கோழியோ உண்டு முடித்துவிடுகிறார்கள்.

ஒரு கேள்வியில் பிறந்த பானம்

உணவைவிட உயிர்நிலையானது தண்ணீர். இதற்கொரு வரலாறு உண்டு. 1965ஆம் ஆண்டு புளோரிடா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைச் சேர்ந்த துணைப் பயிற்சியாளர் ஒருவர், அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் இராபர்ட் கேடிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஆட்டத்தின்போது எங்கள் வீரர்கள் இவ்வளவு எடை இழக்கிறார்களே, ஆனால் சிறுநீர் கழிப்பதில்லையே, ஏன்?" என்பதே அது. வியர்வையில் நீரோடு உப்பும் வெளியேறிவிடுவதை ஆராய்ந்த மருத்துவர், நீர், உப்பு, சர்க்கரை முதலியவற்றைக் கலந்து ஒரு பானம் செய்தார். குடிக்கச் சகிக்கவில்லை! அவருடைய மனைவியார் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்ன பின்னரே வாயில் வைக்க முடிந்ததாம். அணியின் பெயரான கேட்டர்ஸ் என்பதைக் கொண்டு அப்பானம் கேடோரேட் ஆயிற்று. 1967 ஜனவரியில் அவ்வணி ஆரஞ்சு பௌல் போட்டியில் வென்றபோது நாடெங்கும் அதன் பெயர் பரவியது. உப்பும் சர்க்கரையும் இட்ட எலுமிச்சைச் சாற்றை நம் பாட்டிமார் வெயில் நாட்களில் ஆற்றிக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் வீரர்கள் எடைமேடையில் ஏறி இறங்குவார்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுகச் சிறுகக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். இதை விளையாட்டாகக் கொள்வதற்கில்லை. 2018 மே மாதத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பத்தொன்பது வயது வீரர் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி, இரண்டு வாரங்களில் உயிரிழந்தார். உடல் சூடேறிய ஒருவரை உடனடியாகக் குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அது செய்யப்படாமல் போனதே அந்தத் தாயின் மடியைக் காலியாக்கியது.

பசித்தவனுக்கு ஒரு விதி

இத்துணை கணக்கும் கவனமும் நிறைந்த பந்தியில், பசியோடு எழுந்துபோன பிள்ளைகளும் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம். ஒரு கல்லூரி பணமும் பொருளும் கொடுத்து வீரர்களை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக அது பல விதிகளை வகுத்திருந்தது. அவற்றுள் உணவு பற்றிய விதியும் ஒன்று. உதவித்தொகை பெறும் வீரருக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு, அல்லது அதற்குரிய பணம். இடையில் கொறிக்கப் பழம், பருப்புக் கொட்டைகள், பேகல் என்னும் வளைய ரொட்டி ஆகியவற்றைக் கொடுக்கலாம். ஆனால் அந்த ரொட்டியின்மேல் பாலாடைக்கட்டியைத் தடவிவிட்டால் அது சிற்றுண்டியன்று, உணவு, எனவே விதிமீறல்! சிரிப்பு வருகிறதல்லவா? நாங்கள் சிரித்துவிட்டுத்தான் தடவாத ரொட்டியை அடுக்கிவைப்போம்.

உதவித்தொகையின்றித் தாமாக அணியில் சேர்ந்தவர்களின் நிலை சிரிக்கத்தக்கதாக இல்லை. அவர்களும் அதே வெயிலில் அதே பயிற்சியைச் செய்தார்கள். ஆனால் இலவச உணவுக்கு அவர்களுக்கு உரிமையில்லை. காசு கொடுத்து உண்ண வேண்டும், இல்லையேல் பட்டினி.

2011ஆம் ஆண்டு அப்படியொரு பிள்ளை எங்கள் கூடத்திற்கு வந்தான். பெற்றோர் யமன் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தந்தை கார்த் தொழிற்சாலையில் தொழிலாளி. பந்தைப் பிடித்து ஓடும் இடத்திற்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தான். அவ்வாண்டு ரமலான் ஆகஸ்டு முதல் தேதி தொடங்கியது. கல்லூரிக் கால்பந்தின் கடும் பயிற்சிக் காலமும் அதே ஆகஸ்டுதான். ஒரே நாளில் இரண்டு முறை முழுப் பயிற்சி நடத்தும் வழக்கமும் அன்று இருந்தது. 2017இல்தான் அது தடைசெய்யப்பட்டது. மிச்சிகனில் ஆகஸ்டுத் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகும். எங்கள் உணவுக்கூடம் எட்டரை மணிக்கே அடைக்கப்படும்.

ஒரு மாலை, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் அவன் வந்தான். என் முக்காட்டைக் கண்டு ஸலாம் சொன்னான். "ஆன்ட்டி, கடை அடைப்பதற்கு முன் காசு கொடுத்து ஒரு தட்டு வாங்கிக்கொள்கிறேன். வெளியே எடுத்துச்செல்ல அனுமதிப்பார்களா?" என்று கேட்டான். தட்டைப் பார்த்தேன். சோறும் அவித்த காய்கறியும் மட்டுமே இருந்தன. இறைச்சி ஹலால் இல்லையாதலால் அவன் தொடவில்லை. பொரியும் மார்ஷ்மெல்லோவும் கலந்த இனிப்புக் கட்டியை மற்றவர்கள் பயிற்சிக்கு முன் தின்பார்கள். அதிலுள்ள ஜெலட்டின் பன்றியிலிருந்தோ முறைப்படி அறுக்கப்படாத மாட்டிலிருந்தோ வந்ததாக இருக்கலாம் என்று அதையும் விலக்கியிருந்தான். முதல் வாரத்திலேயே நான்கு கிலோ குறைந்துவிட்டதாகவும், இன்னும் குறைந்தால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவதாக அணி மருத்துவர் கூறியிருப்பதாகவும் சொன்னான். நிறுத்தப்பட்டால் அணியில் இடமில்லை.

தாய்மார்களே! நோன்பாளி ஒருவன் வெறும் சோற்றுத் தட்டோடு நிற்கிறான். நம் கை சும்மா இருக்குமா? என் பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும் கோழிக்கறியும் இருந்தன. ஆனால் நான் பல்கலைக்கழகத்தின் ஊழியை. விளையாட்டு வீரன் என்பதற்காக நான் நாள்தோறும் அவனுக்கு உணவளித்தால் அது விதிக்குப் புறம்பான சலுகையாகி, அவன் ஆடும் தகுதியே பறிபோகக்கூடும்! பசித்தவனுக்கு உணவளிப்பது அவனுக்கே தீங்காய் முடியும் என்ற நிலையை நான் என் வாழ்நாளில் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் விதிகளைக் கவனிக்கும் அலுவலரிடம் சென்று நேராகக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீரருக்கென்று தனியாகக் கொடுக்கக் கூடாது. ஆனால் எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகக் கிடைக்கும் ஒன்றை அவரும் பெறுவதற்குத் தடையில்லை" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ்! வழி பிறந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் முஸ்லிம் மாணவர் சங்கத்தார் வாரம் ஒருமுறை நடத்திவந்த நோன்பு திறக்கும் நிகழ்ச்சியை நாள்தோறும் நடத்த இசைந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவ்வூரில் இருந்த நாலைந்து குடும்பத்துப் பெண்கள் முறைவைத்துச் சமைத்தோம். என் முறை வரும் நாட்களில் நம்மூர் நோன்புக் கஞ்சிதான். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால். யமன் நாட்டுப் பிள்ளை முதலில் தயங்கிப் பின்னர் மூன்று கிண்ணம் குடித்தான். உணவு ஆலோசகரிடம் அதில் என்னென்ன சேர்கிறது என்று சொன்னபோது அவர் வியந்தார். நீரும் உப்பும் மாவுச்சத்தும் புரதமும் ஒரே கிண்ணத்தில்! வறண்ட வயிற்றுக்கு இதமாகவும் இருக்கிறது. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் தேடியதை நம் முன்னோர் பள்ளிவாசல் அண்டாவில் காய்ச்சியிருக்கிறார்கள்.

ஆலோசகரே அவனுக்கொரு திட்டம் வகுத்துக்கொடுத்தார். நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. தொழுகைக்குப் பின் இரவு பதினொரு மணியளவில் சோறும் கோழியும். சஹருக்கு ஓட்ஸ், முட்டை, வாழைப்பழம், பால், சற்று உப்பான ஏதேனும் ஒன்று. இடையிடையே தண்ணீர், ஒரே மூச்சில் அன்று, சிறுகச் சிறுக. பளுதூக்கும் பயிற்சியை நோன்பு திறந்த பின்னர் செய்துகொள்ளப் பயிற்சியாளர் அனுமதித்தார். மிகக் கொடிய வெயிலடித்த இரண்டு நாட்களில் மருத்துவர் அவனைக் களத்தில் இறங்கவே விடவில்லை. இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: நோன்போடு கடும் வெயிலில் பயிற்சி செய்வது மருத்துவரின் கண்காணிப்பின்றிச் செய்யத்தக்கதன்று. உயிரைக் காப்பதும் மார்க்கம் நமக்கிட்ட கடமையே.

மாத முடிவில் அவன் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அணியிலும் நிலைத்தான். நட்சத்திர வீரன் ஆனானா என்று கேட்பீர்கள். இல்லை. நான்காண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிமிடங்களே களம் கண்டான். இன்று பொறியாளராக இருக்கிறான். இரு குழந்தைகளின் தந்தை.

மாறிய காலம்

அவன் தனியன் அல்லன். ஹம்ஸா அப்துல்லாஹ், ஹுஸைன் அப்துல்லாஹ் என்னும் சகோதரர்கள் இருவரும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, பின்னர்த் தொழில்முறை அணிகளில் இடம்பெற்றவர்கள். 2010ஆம் ஆண்டு ஹுஸைன் மின்னசோட்டா அணியின் பயிற்சி முகாமில் நோன்போடு பங்கேற்றபோது, அணியின் உணவு ஆலோசகர் அவருக்கெனத் தனித் திட்டம் வகுத்தார். 2012இல் சகோதரர்கள் இருவரும் ஹஜ் கடமைக்காக அவ்வாண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டு மக்கா சென்றார்கள். டியர்பார்ன் நகரின் போர்ட்சன் உயர்நிலைப் பள்ளியிலோ, ரமலானில் இரவு பதினொரு மணிக்குப் பயிற்சியைத் தொடங்கி சஹர் நேரம்வரை நடத்தினார்கள்.

விதியும் மாறியது. 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், உண்ண வழியின்றிப் பசியோடு படுக்கும் இரவுகள் தமக்கு உண்டு என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். நாடே திடுக்கிட்டது. அதே மாதம் என்.சி.ஏ.ஏ. புதிய முடிவை அறிவித்தது: முதல் பிரிவு வீரர்களுக்கு, உதவித்தொகை பெறாதோர் உட்பட, கல்லூரிகள் வரம்பின்றி உணவும் சிற்றுண்டியும் வழங்கலாம். ஆகஸ்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. அன்று காலை பேகல் ரொட்டிமேல் தாராளமாகப் பாலாடைக்கட்டி தடவினேன். ஹலால் இறைச்சிக்கென்று தனி அடுப்பும் எங்கள் கூடத்தில் பின்னர் வந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர் வீடுகளில் பெரிய பெரிய புரத மாவு டப்பாக்களைப் பார்க்கிறேன். மாதச் செலவில் பாதியை விழுங்கும் டப்பாக்கள்! அமெரிக்காவில் இத்தகைய பொருட்கள் விற்பனைக்கு வருமுன் அரசின் ஒப்புதல் பெறத் தேவையில்லை. டப்பாவின்மேல் எழுதாத பொருள் உள்ளே இருந்து, அதனால் சோதனையில் சிக்கி ஆடும் தகுதியை இழந்த கல்லூரி வீரர்கள் உண்டு. அதனாலேயே எங்கள் ஆலோசகர், "முதலில் தட்டு, பிறகே டப்பா" என்பார். வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது, எந்த விலங்கின் ஜெலட்டின் என்பதைப் பார்த்து, மருத்துவரையும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள உங்கள் மகன் கடுமையாகப் பயிற்சி செய்தாலும் அவனுக்குத் தேவையான புரதம் நாளொன்றுக்கு 84 முதல் 120 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. சமைத்த மீன் நூறு கிராமில் இருபதுக்கு மேல். கோழியில் அதைவிடச் சற்று அதிகம். பருப்பும் சுண்டலும் தயிரும் மீதத்தை நிரப்பும். காலையில் ஒன்றும் உண்ணாமல் ஓடிவிட்டு, இரவு பத்து மணிக்குப் பரோட்டாவோடு கணக்கை முடிக்கும் பழக்கத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம். முடிந்ததும் ஒரு தம்ளர் பால். மறவாமல் உப்பிட்ட எலுமிச்சைச் சாறு.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பள்ளியில் ஓடியாடி வரும் மகளுக்கும் அதே பசிதான். முட்டையும் மீனும் மகனுக்கு, குழம்பு மகளுக்கு என்று பிரிக்கும் கரண்டி எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

அந்தப் பெரிய கூடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் பரிமாறியதில் நான் கண்டது ஒன்றே. உணவின் அளவைக் கற்றறிந்தவர்கள் கணக்கிட்டுவிடலாம். ஆனால் யார் உண்டார், யார் உண்ணவில்லை என்பதைப் பரிமாறுகிறவர்தாம் பார்க்க வேண்டும். இன்றிரவு உங்கள் வீட்டுப் பந்தியில் யாருடைய தட்டு பாதியிலேயே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். காரணம் கேளுங்கள். அடுத்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்றால் அங்கும் ஒரு கிண்ணம் அனுப்பிவையுங்கள். நம் பிள்ளைகளின் உடலுக்கு நலத்தையும், நம் கைகளுக்குக் கொடுக்கும் மனத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்!